ஊதியூர்ப் பக்கம் விலைக்கு வந்திருக்கும் தோட்டத்துச் சாளை: வீடு தேறுகிறது, தடம் தேறவில்லை

காங்கேயம்–தாராபுரம் சாலையில் ஊதியூரைத் தாண்டி, மேற்கே இட்டேரிக்குள் (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்துக்குள்) இறங்கினால் வரும் ஒரு தோட்டத்தில், ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலமும் அதில் நிற்கும் பழைய ஓட்டு வீடும் (இந்தப் பக்கத்துப் பேச்சில் சாளை) சேர்த்து 42 லட்சம் ரூபாய்க்கு விலை சொல்கிறார்கள். புதுப்பித்துப் பண்ணை வீடாக்கிக்கொள்ள ஏற்ற பாரம்பரிய வீடு என்பது தரகர் தரப்பின் விளம்பரம். திருப்பூரிலும் கோவையிலும் தொழிலை வைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் போய்த் தங்க ஒரு தோட்டம் தேடும் பலரும் இதைப் பற்றி விசாரிப்பதால், மர வேலை தெரிந்த ஓர் ஆசாரியையும் சுண்ணாம்பு வேலை பார்த்துப் பழகிய ஒரு மூத்த கொத்தனாரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்ததையும், பத்திர நகல்களை வாங்கிப் படித்ததில் தெரிந்ததையும் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீடு நல்ல வீடு. சொல்லும் விலைக்குத் தகும். ஆனால் அந்த வீட்டுக்குப் போகும் தடத்துக்கு எழுத்தில் உரிமை வராத வரை, இதற்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கலாகாது.

நிலம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து மோதும் மேட்டில் இருக்கிறது. குண்டடம், தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் ஏன் நட்டு வைத்திருக்கிறார்கள் என்பது ஆனி, ஆடி மாதங்களில் இங்கே ஒரு நாள் நின்றால் புரிந்துவிடும். அந்தக் காலத்து ஆட்கள் இதைத் தெரிந்தே கட்டியிருக்கிறார்கள்: மேற்குச் சுவரில் சன்னல் கிடையாது, கூரைச் சரிவு அந்தப் பக்கம் இடுப்பளவு உயரம் வரை தாழ இறங்கி நிற்கிறது, திண்ணையும் வாசலும் கிழக்கே பார்த்தவை. இப்போது வாங்குகிறவர்கள் முதல் வேலையாக மேற்கே பெரிய கண்ணாடிச் சன்னல் வைக்க ஆசைப்படுவார்கள், சூரியன் மறைவதைப் பார்க்கலாமே என்று. வைத்தால் நான்கு மாதம் அந்தச் சன்னலைத் திறக்கவே முடியாது என்பதோடு, மூடிய சன்னலின் இடுக்கு வழியாகவும் செம்மண் புழுதி உள்ளே வந்துகொண்டிருக்கும்.

ஒரு ஏக்கர் இருபது சென்ட்டில் வீடும் களமும் முப்பது சென்ட் அளவு. மீதி கொறங்காடு, கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் விட்டு, நடுநடுவே வெள்வேல மரங்கள் நிற்கும் மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடுகள் இப்படிப்பட்ட நிலத்தில்தான் வளர்ந்தன. வெளியூர்க்காரர்கள் இதைத் தரிசு என்று நினைத்து வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டுவிடுகிறார்கள். ஆனால் இதை அப்படியே விட்டு, பக்கத்துத் தோட்டத்தாருக்கு மேய்ச்சல் குத்தகைக்குக் கொடுத்தால், நிலமும் கெடாது, ஆள் நடமாட்டமும் இருக்கும், வேலியையும் அவர்களே செம்மைப்படுத்திக்கொள்வார்கள். உயிர்வேலி நல்ல நிலையில் இருக்கிறது. வடகிழக்கு மூலையில் மட்டும் ஆடு புகும் அளவுக்கு இடைவெளி உண்டு.

வீட்டின் அமைப்பு எளிமையானது. கருங்கல் அடித்தளம் தரைமட்டத்துக்கு மேல் இரண்டரை அடி எழுந்து நிற்கிறது. அதன் மேல் கல்லும் செங்கல்லும் கலந்து மண் சாந்தில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள். அவற்றுக்கு இரு பக்கமும் சுண்ணாம்புக் காரைப் பூச்சு. முன்னே திண்ணையும் ஆசாரம் எனப்படும் முன்கூடமும், உள்ளே ஒரு நீளமான கூடம், கூடத்தின் இரு பக்கமும் இரண்டு அறைகள், பின்னால் சமையலறை, அதை ஒட்டித் தானியம் வைத்த சிறு அறை. தொட்டிக்கட்டு வீடு என்று தரகர் சொல்வது சரியன்று. நடுவே வானம் பார்த்த முற்றமும் நான்கு பக்கத் தாழ்வாரமும் இருந்தால்தான் அது தொட்டிக்கட்டு. இது நடுத்தர வேளாண் குடும்பம் ஒன்று தன் வசதிக்குக் கட்டிக்கொண்ட சாளை, அவ்வளவுதான். அதனால் மதிப்புக் குறைந்துவிடவில்லை. முற்றம் இல்லாததால் ஒழுகும் இடங்களும் குறைவு.

சுவர்களைப் பற்றிக் கொத்தனார் திருப்தியாகவே பேசினார். நூல் பிடித்துப் பார்த்ததில் கிழக்குச் சுவரும் தெற்குச் சுவரும் செங்குத்தாக நிற்கின்றன. வடக்குச் சுவரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் இருக்கிறது. பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும், மேலே அகலமாகவும் கீழே போகப்போக மயிரிழையாகவும் இருப்பதால், அடித்தளம் இறங்கியதால் வந்த விரிசல் அன்று, கூரைப் பாரம் ஓர் இடத்தில் குவிந்ததால் வந்தது என்று அவர் காட்டினார். கூரையைச் சரி செய்துவிட்டு, விரிசலைக் கீறித் திறந்து, கல் சில்லும் சுண்ணாம்புச் சாந்தும் அடைத்தால் போதும் என்பது அவர் கருத்து. அடித்தளம் இறங்கியிருந்தால் நான் இந்த மதிப்புரையை இத்துடன் முடித்திருப்பேன்.

சுவருக்கு உண்மையான கேடு செய்திருப்பது அண்மைக் காலத்துப் பழுதுபார்ப்புதான். சமையலறையிலும் தெற்கு அறையிலும் கீழிருந்து நான்கடி உயரத்துக்குப் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மண் சாந்தில் கட்டிய சுவர் தரையிலிருந்து கொஞ்சம் ஈரத்தை எப்போதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை அவ்வப்போது வெளியே விட்டு உலர்த்திவிடும். சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் மேலே ஏறி, சிமெண்ட் பூச்சு முடிகிற நான்கடிக்கு மேலே இருக்கும் நல்ல காரையைப் பொரியப் பொரிய உதிர்க்கிறது. தெற்கு அறையில் விரலால் தொட்டாலே வெள்ளை உப்பு மாவாக ஒட்டிக்கொள்கிறது. இதைப் பார்த்துவிட்டுச் சுவரே உப்புச் சுவர், இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லும் பொறியாளர்களும் உண்டு. இடிக்க வேண்டியதில்லை. சிமெண்ட்டை முழுவதும் கொத்தி எடுத்து, ஒரு கோடைக்காலம் சுவரை வெறுமனே காயவிட்டு, பிறகு ஊறவைத்த சுண்ணாம்பில் பூசினால் சுவர் பழைய நிலைக்கு வரும். இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். மணலோடு அரைக்க வேண்டும். கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசத் தெரிந்த ஆள் கிடைக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை தொடர்ந்து நடப்பதால் காரைக்குடிப் பக்கமிருந்து ஆள் கொண்டுவர முடிகிறது. கூலியோடு தங்கும் செலவும் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிக் கூரை. பழைய ஓட்டு வீட்டை விலை பேசுகிறவர் தரையையும் சுவரையும் பார்ப்பதில் செலவிடும் நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் கூரைக்கு அடியில் ஏணி போட்டு நிற்க வேண்டும் என்பது என் கருத்து. சுவர் கெட்டால் ஒரு பக்கம்தான் கெடும், கூரை கெட்டால் வீடே போய்விடும். இந்த வீட்டின் விட்டங்களும், ஓட்டைத் தாங்கச் சரிவாக இறங்கும் கைமரங்களும் பனை. நன்றாக முற்றிய பனையின் வெளிப்புறம் கறுத்து வைரம் பாய்ந்து இரும்பாக இருக்கும். உள்ளே இருக்கும் சோறு மென்மையானது, அதைச் செதுக்கி எடுக்காமல் விட்டால் கறையானுக்கு அதுவே விருந்து. இங்கே பனங்கைகளை அறுத்தவர்கள் நன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆசாரி ஒவ்வொரு கைமரத்தையும் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று ஒலித்தவற்றைக் கடந்தார்; மந்தமாக ஒலித்தவற்றில் ஸ்குரூ டிரைவரைக் குத்திப் பார்த்தார். கூடத்தின் மேலே ஒன்றுகூடப் பழுதில்லை. சமையலறையில் புகை பட்டுப் பட்டுக் கரி படிந்த மரங்களோ இன்னும் கெட்டி. விறகடுப்புப் புகை பூச்சியை அண்டவிடாது என்பதற்கு அந்த மரங்களே சான்று. கெட்டிருப்பவை எல்லாம் தெற்கு அறையின் மேலேதான், அதுவும் சுவரின் மேல் உட்காரும் நுனிகளில். அங்கே ஒரு நுனியில் ஸ்குரூ டிரைவர் பிடி வரை உள்ளே போய்விட்டது, வெளியே இழுத்தபோது ஈரமான மரத்தூள் கைப்பிடியளவு கொட்டியது. மழைநீர் சுவர்த் தலையில் தேங்கியதால் வந்த உளுப்பு அது.

தேங்கியதற்குக் காரணம் கூடுவாய். கூடத்தின் கூரையும் பின்னால் சேர்த்துக் கட்டிய சமையலறைக் கூரையும் சந்திக்கும் பள்ளத்தில் முன்பு துத்தநாகத் தகடு இருந்திருக்கிறது. அது துருப்பிடித்துப் போனபின் சிமெண்ட்டைக் குழைத்து அப்பியிருக்கிறார்கள். வெயிலில் மரமும் ஓடும் விரியும், இரவில் சுருங்கும்; சிமெண்ட் அதற்கு ஈடு கொடுக்காமல் வெடிக்கும்; வெடித்த இடத்தில் மறுபடி சிமெண்ட் அப்புவார்கள். அப்படி அப்பிய பாரமும் சேர்ந்துதான் வடக்குச் சுவரில் விரிசலைக் கொண்டுவந்திருக்கிறது. வீட்டில் இன்னும் குடியிருக்கும் பாட்டியம்மாள், நாங்கள் மேலே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, "அந்தக் கூடுவாய மட்டும் பாத்துக்க கண்ணு, மத்ததெல்லாம் எங்க மாமனாரு நின்னு கட்டுனது, ஆடாது" என்றார். அரை நாள் ஏறி இறங்கி ஆசாரி சொன்ன முடிவும் ஏறக்குறைய அதுவே. இந்தப் பாட்டியம்மாளைப் பற்றி இன்னொரு முக்கியமான செய்தி உண்டு. பத்திரத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

மேலே கிடப்பவை சீமை ஓடுகள். பாசல் மிஷன் என்ற கிறித்தவ சமய அமைப்பு மங்களூரில் 1865-இல் தொடங்கிய ஓட்டுத் தொழில் மலபார்க் கரையெங்கும் பரவி, கள்ளிக்கோட்டையை அடுத்த ஃபெரோக் வரை சூளைகள் வந்தன. கொங்குப் பகுதியின் பழைய வீடுகள் பலவற்றின் மேல் இருக்கும் ஓட்டைத் திருப்பினால் அந்த ஊர்ப் பெயர்களை முத்திரையில் படிக்கலாம். இங்கே கழற்றிப் பார்த்த ஓடுகளில் இரண்டு வகை முத்திரைகள் கலந்திருந்தன. அதாவது ஒரு கட்டத்தில் பாதிக் கூரையை மாற்றியிருக்கிறார்கள். கலப்பு ஒரு தொல்லை. வெவ்வேறு சூளை ஓடுகளின் பள்ளமும் மேடும் சரியாகக் கவ்வுவதில்லை, ஆடிக் காற்று அந்த இடுக்கில் புகுந்து தூக்கிவிடும். எல்லாவற்றையும் இறக்கி, கழுவி, வகை பிரித்து, ஒரு வகையைக் கிழக்குச் சரிவுக்கும் மற்றதை மேற்குச் சரிவுக்கும் என்று மாற்றிப் போட்டால் புது ஓடு வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. மயில்கள் முகட்டில் ஏறி நின்று உடைத்தவை தனிக் கணக்கு. இந்தப் பக்கத்து ஓட்டு வீட்டுக்காரர் எவரைக் கேட்டாலும் மயிலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். தெற்கு அறைக் கைமரங்களின் நுனி மாற்றுதல், ஓடு உட்காரும் ரீப்பர் சட்டங்கள் முழுவதும் புதிது, கூடுவாய்க்குத் தகடு, ஓடு இறக்கி ஏற்றும் கூலி எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்குள் அடக்கலாம் என்பது ஆசாரியின் கணக்கு. அவர் சொன்னதோடு ஒன்றரை லட்சம் சேர்த்துக்கொள்வது என் வழக்கம்.

பின்பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டு ஒட்டுக் கட்டடமாகக் குளியலறையும் கழிப்பறையும் இருக்கின்றன. அவற்றில் காப்பாற்ற ஒன்றுமில்லை. தகட்டை உடைக்காமல் முழுதாகக் கழற்றச் சொல்ல வேண்டும்; உடைக்கும்போது பறக்கும் இழைத்தூசு நுரையீரலுக்குக் கேடு. தரை காவி போட்டு இழைத்த சிமெண்ட் தரை. கூடத்தில் இன்றும் முகம் தெரியும் அளவுக்கு மின்னுகிறது. அதன் மேல் டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீர் விஷயத்தில் விளம்பரம் பாதியைத்தான் சொல்கிறது. 'கிணறு உண்டு' என்பது உண்மை. ஆனால் கிணறு முழுவதும் இந்த நிலத்துக்கு உரியதன்று. நான்கில் ஒரு பாகம் கிணறு, அதற்கு உண்டான மோட்டார் முறை, மின் இணைப்பில் அதே பாகம் என்பதுதான் பத்திரத்தில் இருக்கும் வாசகம். அதாவது நான்கு நாளுக்கு ஒரு நாள் மோட்டார் போடும் உரிமை. வாரக் கடைசியில் மட்டும் வந்து தங்குகிறவர்களின் முறை செவ்வாய்க்கிழமையில் விழுந்தால் அது யாருக்கும் பயன்படாது. நிலம் பரம்பிக்குளம்–ஆழியாறு ஆயக்கட்டில், அதாவது அந்தத் திட்டத்தின் கால்வாய்ப் பாசனப் பரப்பில், இல்லை. ஆயக்கட்டு நிலங்களையே நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, வெளியே இருக்கும் நிலம் மழையையும் கிணற்றையும் மட்டுமே நம்ப வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவம் இங்கே காற்றோடு நின்றுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் கிணற்றை நிரப்ப வேண்டும். கிணற்று நீர் உப்புச் சுவை உடையது. துணி துவைக்கச் சோப்பு நுரைக்காது, மரத்துக்குப் பாயும், குடிக்க ஆகாது. குடிப்பதற்கு ஊராட்சிக் குழாய் இட்டேரி முனை வரை வந்திருக்கிறது. அதை வீடு வரை நீட்டிக்கொள்ள வேண்டும். கூரை ஓட்டு மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைப்பது இந்த வீட்டுக்கு அழகுக்குச் செய்யும் வேலை அன்று, அத்தியாவசியம். ஓடு மாற்றும்போதே தாழ்வார ஓரத்துத் தகர நீர்க்கால்களையும் போட்டுவிட்டால் செலவு குறையும்.

உப்பு என்றதும் சிலர் சாய நீரை நினைப்பார்கள். இந்த இடம் நொய்யல் கரையிலிருந்து விலகித் தெற்கே இருப்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் இதே விலைக்கும் இதைவிடக் குறைந்த விலைக்கும் நொய்யலை ஒட்டி, ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் வீடும் நிலமும் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாசனத்துக்கென்று 1992-இல் முடித்த அந்த அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கி, சுற்றுப்புறக் கிணறுகளெல்லாம் கெட்டுப் போன கதை இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்கு அது போயிற்று. அங்கே வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், கிணற்றுத் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுத்துத் தாள் வந்த பிறகுதான் மேற்கொண்டு பேச வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை வாங்குபவர்களிடம் பரவலாக இருக்கிறது. வேளாண் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் தோட்டத்து வீட்டுக்கும் அதிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்று தரகர்களே சொல்லித் தருகிறார்கள். அது முறைகேடு, பிடிபட்டால் இணைப்பையே துண்டித்துவிடுவார்கள், அப்போது பங்காளிகள் மூவரின் மோட்டாரும் நின்றுபோகும். இந்த வீட்டுக்கு வீட்டு இணைப்பு தனியாக இருக்கிறது, ஒழுங்காகக் கட்டணமும் கட்டி வருகிறார்கள். பெயர் மாற்றம் மட்டும் செய்துகொண்டால் போதும். ஒயரிங் பழைய மரச்சட்ட ஒயரிங். முழுவதும் மாற்ற வேண்டும்.

பத்திரங்கள் ஒழுங்காகவே இருக்கின்றன என்று தரகர் சொன்னதில் பெரும்பகுதி சரி. மூல ஆவணம் 1994-இல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம். சகோதரர்களுக்குள் மட்டும் நடந்த பழைய பாகப்பிரிவினையைக் கண்டால், பெண் மக்களின் பங்கு விடுபட்டிருக்கிறதே என்று வாங்குபவருக்கு அச்சம் வருவது இயல்பு. தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005-இல் வந்த மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் தந்தது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கலைக்காது. எனவே பார்க்க வேண்டியது 1989-ஐ: அந்தத் தேதியில் மணமாகாத பெண் யாரேனும் அந்தக் குடும்பத்தில் இருந்து, பத்திரத்தில் அவர் இல்லாமல் போயிருந்தால் சிக்கல். இங்கே இரண்டு பெண்களுக்கும் அதற்கு வெகு முன்பே மணமாகிவிட்டது என்று குடும்பத்தார் சொல்கிறார்கள், ஊராரும் அதையே சொல்கிறார்கள். வழக்கறிஞர் அதை ஆவணமாகக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

சிக்கல் அதற்குப் பின்னால் இருக்கிறது. பாகப்பிரிவினையில் இந்த நிலம் யாருக்கு விழுந்ததோ அந்த இளைய மகன் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அவருடைய மனைவியும் மகனும் மகளும் கையெழுத்திடத் தயார் என்று தரகர் சொல்கிறார். அவர் காட்டிய பட்டியலும் அந்த மூவரோடு முடிகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சொத்தில் அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி மக்களுக்கு இணையான பங்கு அவருக்கும் உண்டு. கூடுவாயைப் பற்றி எனக்குச் சொன்ன பாட்டியம்மாள்தான் அந்தத் தாய். அவர் கையெழுத்து இல்லாமல் கிரயம் முடித்தால், நாலில் ஒரு பங்கு கிரயத்துக்கு வெளியே நின்றுவிடும். நாளை மற்ற மக்களோ அவர்களின் மக்களோ அந்தப் பங்கைக் கேட்டு வழக்குப் போட இடம் இருக்கும். அவரோ வீட்டை விற்பதில் மனத்தடை எதையும் காட்டவில்லை. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை என்பது பேச்சில் தெரிந்தது. அவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மதிப்போடு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்குவதும், அவர் பங்குக்கான தொகையை அவர் கணக்கிலேயே செலுத்துவதும் சட்டத்துக்கும் நல்லது, நியாயமும் அதுவே.

மகள் வெளிநாட்டில் இருப்பதால் அதிகாரப் பத்திரம் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். வாங்குகிறவரே வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால் இந்த மதிப்புரையை மேலே படிக்கவே தேவையில்லை: அந்நியச் செலாவணி விதிகளின்படி அவர்கள் இந்தியாவில் வேளாண் நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம் அவ்வளவே. உள்நாட்டில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் உழவராக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேளாண் நிலத்தில் நிற்கும் பழைய வீட்டுக்கு வங்கிகள் வீட்டுக் கடன் தரத் தயங்கும் என்பதால் கைப்பணத்தை வைத்தே கணக்குப் போட வேண்டும். முத்திரைத் தீர்வை மட்டும் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் அதற்கு மேல்.

தடத்துக்கு வருகிறேன். பிரதான சாலையிலிருந்து உள்ளே வரும் இட்டேரி, இரு பக்கமும் கிளுவை மூடிய பழைய வண்டித்தடம். புலப்படத்தில் (அரசு நில அளவை வரைபடத்தில்) புறம்போக்காகவே குறிக்கப்பட்டிருப்பதால் அதை எவரும் அடைக்க முடியாது. அது முடியும் இடத்திலிருந்து வீட்டு வாசல் வரை ஏறக்குறைய இருநூறு அடி, பங்காளி ஒருவரின் பட்டா நிலத்தின் வழியே போக வேண்டும். 1994-ஆம் ஆண்டுப் பத்திரம் இதற்கு 'மாமூல் வழிநடை, வண்டித்தடப் பாத்தியம் உண்டு' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. அகலம் எழுதவில்லை, எந்த எல்லையை ஒட்டிப் போகிறது என்றும் எழுதவில்லை. மாட்டு வண்டி போன காலத்தில் அது போதுமாக இருந்தது. இப்போது அந்தப் பங்காளி தடத்தின் ஒரு பக்கம் தென்னங்கன்று நட்டு, மறுபக்கம் கல்லுக்கால் ஊன்றிவிட்டார். நாடா பிடித்து அளந்ததில் குறுகலான இடத்தில் எட்டடிக்கும் குறைவாக வந்தது. கார் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போய்விடும். மணல் லாரி போகாது, ஓடு ஏற்றிய டெம்போ போகாது, ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி நினைத்தும் பார்க்க முடியாது. பதின்மூன்று லட்சம் ரூபாய்க்கு வேலை நடக்க வேண்டிய வீட்டுக்கு ஒவ்வொரு மூட்டையையும் தலைச்சுமையாகக் கொண்டுபோவது என்றால், கூலியே பொருளின் விலையைத் தாண்டிவிடும்.

பாத்தியம் இல்லை என்று அந்தப் பங்காளி சொல்லவில்லை; 'நடந்து போக யார் வேண்டாமென்றது' என்றுதான் சொல்கிறார். இந்தப் பேச்சை எடைபோடத் தெரிந்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத நிலத்துக்குத் தேவையின் அடிப்படையில் வழியுரிமை உண்டென்றும், இருபது ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்திய வழிக்கு அனுபவ உரிமை உண்டென்றும் 1882-ஆம் ஆண்டு அனுபவ உரிமைச் சட்டம் சொல்கிறது. வழக்குப் போட்டால் வழி கிடைக்கும். எத்தனை அடி அகலம் கிடைக்கும், எத்தனை ஆண்டில் கிடைக்கும் என்பதை எந்த வழக்கறிஞரும் சொல்ல மாட்டார். வழக்கோடு வாங்கிய தோட்டத்தில் வாரக் கடைசியில் போய் நிம்மதியாக உட்கார முடியுமா என்பது அவரவர் மனதைப் பொறுத்தது, என்னால் முடியாது.

தரகர் தரப்பின் சேவை சுமாரானது. காட்டிய நிழற்படங்கள் மழைக்காலத்துப் பச்சையில் எடுத்தவை, தடத்தின் படம் ஒன்றுகூட இல்லை. வில்லங்கச் சான்றும் சிட்டாவும் கேட்ட அன்றே கிடைத்தன. புலப்படத்தை நாமே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தாயாரின் பங்கைப் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் பாட்டி ஒண்ணும் சொல்லாதுங்க" என்பதுதான் விடை.

விலைக்கு வரலாம். வீட்டுக்கென்று தனியாக எதுவும் கேட்கவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். 42 லட்சம் என்பது ஏறக்குறைய நிலத்தின் விலை. கூரைக்கு ஆறரை லட்சம், சுவர்ப் பூச்சுக்கும் கழிப்பறைக்கும் ஒயரிங்குக்கும் இன்னொரு ஐந்து, தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் ஒன்றரை என்று வைத்தால், பதிவுச் செலவு நீங்கலாக 55 லட்சத்தில் நாற்பது, ஐம்பது ஆண்டுக்குக் கவலையற்ற வீடு கையில் இருக்கும். இந்தப் பரப்பளவில் இப்படிப்பட்ட சுவரும் பனங்கூரையும் கொண்டு புதிதாகக் கட்ட இன்று முற்றிய பனையே கிடைப்பதில்லை. ஆகவே விலையைப் பெரிதாக அடித்துப் பேச வேண்டியதில்லை. 38-இலிருந்து தொடங்கி நாற்பதில் முடிக்கலாம். பேச வேண்டியது தடத்தைப் பற்றி. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதால், முன்பணம் கொடுக்கும் அன்றே அந்த ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளை எழுத வேண்டும்: பங்காளி தன் நிலத்தில் பதினாறடி அகலத்துக்கு, நில அளவையர் அளந்த வரைபடத்தோடு, தடப் பாத்தியப் பத்திரம் பதிவு செய்து தர வேண்டும், தாயார் உட்பட வாரிசுகள் நால்வரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும். பங்காளி தென்னங்கன்றுகளுக்கும் இடத்துக்கும் சேர்த்து இரண்டு லட்சம் கேட்டால் கொடுத்துவிடலாம், அதை விற்பவர் பங்கிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். பங்காளி எழுதித் தர மறுத்தால் ஒப்பந்தம் தானாக நீங்கி முன்பணம் திரும்பி வர வேண்டும் என்ற வாசகமும் அதிலேயே இருக்கட்டும். இதற்கு விற்பவர் உடன்பட்டால் தை பிறந்ததும் ஓட்டை இறக்கலாம், ஆடிக் காற்றுக்கு முன் கூரை மூடிவிடும்.